காத்திருந்தவனின் தொலைபேசி எண்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். 2025 டிராஃப்டில் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரருக்கு, வந்த போலி அழைப்பு விவகாரத்தில் அபராதம் விதித்தாகிவிட்டது, இனி அதைப் பேச என்ன இருக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு 2,50,000 டாலர். அதன் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிச்சுக்கு 1,00,000 டாலர். போலியாக அழைத்த அந்தப் பயிற்சியாளரின் மகன் மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஷெடூரும் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டார். அது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைக்க முயல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நடந்ததை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். வியாழக்கிழமை இரவு முதல் சுற்று முழுவதும் ஒருவர் தன் குடும்பத்தோடு உட்கார்ந்து காத்திருக்கிறார், அழைப்பு வரவில்லை. மறுநாளும் காத்திருக்கிறார். டிராஃப்டுக்காகவே வாங்கிய தொலைபேசி. அணிகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட எண். அந்த எண்ணில் மணி அடிக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பொது மேலாளர் மிக்கி லூமிஸ் பேசுகிறேன் என்கிறது குரல். அடுத்து உன்னைத்தான் எடுக்கப் போகிறோம், ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறது. அதைப் படம் பிடித்து ஊருக்கும் காட்டுகிறார்கள். பெற்றோர் வீட்டுக்கு வந்த உல்பிரிச்சின் மகன், அப்பாவின் ஐபேட் திறந்து கிடந்தபோது அதிலிருந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாராம். அந்த வாரம் வேறு சில வீரர்களுக்கும் இப்படிப்பட்ட போலி அழைப்புகள் போயிருக்கின்றன.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். காத்திருப்பவனுக்கு அந்தத் தொலைபேசியை எடுக்காமல் இருக்கும் உரிமை இல்லை. நீங்களும் நானும் தெரியாத எண் என்றால் எடுக்காமல் விட்டுவிடலாம். அவர் எடுத்தே ஆக வேண்டும். பணிவாகப் பேசியே ஆக வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் சொல்வதை நம்பியே ஆக வேண்டும். தப்பிக்க வழியில்லாத ஒருவரிடம் செய்ததை விளையாட்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால், ஒரு பழைய நிகழ்ச்சியைத்தான் சொல்ல வேண்டும். பொறியியல் இறுதியாண்டில் எங்கள் கல்லூரிக்கு ஒரு நிறுவனம் வளாக நேர்காணலுக்கு வந்தது. முடிவு அன்று மாலை வரும் என்றார்கள். விடுதி அறையில் காத்திருந்தபோது சக மாணவன் ஒருவன் ஓடி வந்து, "உன் பேர் லிஸ்ட்ல இருக்குடா" என்று கத்தினான். நான் அறிவிப்புப் பலகைக்குப் போகவில்லை. நேராக வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார், தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. சொன்னவன் சிரித்தான், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மறுபடியும் அதே பூத்துக்குப் போய் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. வேலை பிறகு கிடைத்துவிட்டது. ஆனால் அவன் இன்றும் அதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"அவர் பணக்காரர், அவருக்கு என்ன கஷ்டம் அண்ணே" என்று டல்லாஸ் நண்பர்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டார். கல்லூரியில் இருக்கும்போதே விளம்பர ஒப்பந்தங்களில் ஷெடூர் பெரும்பணம் சம்பாதித்தவர்தான். பணம் இருப்பவரை அவமானப்படுத்தலாம் என்ற சட்டம் எங்கே இருக்கிறது? இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"திமிர் பிடித்தவர், அதனால்தான் சரிந்தார்" என்பதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பந்தை அளவுக்கு மீறிக் கையில் வைத்திருக்கிறார் என்பது உண்மை. கொலராடோ பல்கலைக்கழக அணியில் ஆடிய இரண்டு பருவங்களில் 94 முறை எதிரணியிடம் பந்தோடு சிக்கி வீழ்ந்திருக்கிறார். அவருடைய கை வலிமை அசாதாரணமானது அல்ல என்று தேர்வாளர்கள் சொன்னதும் நியாயமான மதிப்பீடுதான். ஆனால் அதே ஷெடூர் 2024இல் 4,134 கெஜம் எறிந்திருக்கிறார், 37 டச்டவுன், வீசிய பந்துகளில் 74 விழுக்காடு தன் ஆட்களிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று மாதக்கணக்கில் எழுதப்பட்டவர், 144ஆவது இடத்தில், ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் ஐந்து குவாட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரான டிலன் கேப்ரியலை 94ஆவது இடத்தில் எடுத்ததும், கடைசியில் ஷெடூரை எடுத்த அதே கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ்தான். இந்தச் சரிவு முழுவதையும் ஆட்டக் குறைகளால் மட்டும் விளக்க முடியாது என்பது விமர்சகர்களுக்கும் தெரியும். அதனால்தான், டிராஃப்டுக்கு முன் ஷெடூரிடம் நடத்திய நேர்காணலைப் பற்றி, பெயர் வெளியிட விரும்பாத ஒரு பயிற்சியாளர், "என் வாழ்நாளில் நான் பார்த்த மிக மோசமான நேர்காணல்" என்று சொன்னதாக வந்த செய்தியை எல்லோரும் பற்றிக்கொண்டார்கள். பெயர் சொல்லத் துணிவில்லாத ஒருவரின் வார்த்தையை வைத்து 23 வயதுக்காரரின் குணத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

திமிர் என்றால் 2004ஐ நினைத்துப் பாருங்கள். சான் டியேகோ அணிக்கு ஆட மாட்டேன் என்று டிராஃப்டுக்கு முன்பே ஈலை மேனிங் தரப்பு வெளிப்படையாகச் சொன்னது. அவருடைய அப்பாவும் புகழ்பெற்ற குவாட்டர்பேக்தான். என்ன நடந்தது? முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அன்றே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டார். 1983இல் ஜான் எல்வேயும் பால்டிமோர் அணிக்குப் போக மறுத்தார். அவரையும் முதல் ஆளாகத்தான் எடுத்தார்கள், பிறகு டென்வருக்கு அனுப்பினார்கள். அவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. தன்மானம் என்று அன்று பெயர் பெற்றது, இன்று புகழ்பெற்ற முன்னாள் வீரர் டியான் சாண்டர்ஸின் மகனான ஷெடூரிடம் மட்டும் ஏன் திமிராகிவிட்டது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த டிராஃப்ட் என்பதே வேலை தேடுபவனின் கையைக் கட்டிவைக்கும் ஏற்பாடு. பிலடெல்பியா அணியை நடத்திய பெர்ட் பெல் 1935இல் முன்மொழிந்து, 1936இல் தொடங்கியது. நலிந்த அணி முதலில் எடுக்கட்டும், போட்டி சமமாகட்டும் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேர்வானவன் வேறு அணியிடம் பேரம் பேச முடியாது. 1968இல் வாஷிங்டன் அணி எடுத்த ஜேம்ஸ் ஸ்மித் முதல் பருவத்திலேயே கழுத்தில் அடிபட்டு ஆட்டத்தை இழந்தவர். அவர் தொடுத்த வழக்கில், அன்றிருந்த டிராஃப்ட் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. அதற்குள் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்குள் டிராஃப்டைச் சேர்த்துக்கொண்டதால் அது தப்பிப் பிழைத்தது. 2025 டிராஃப்டில் முதல் இடத்துக்கு நான்கு ஆண்டுகளில் 4.8 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. 144ஆவது இடத்துக்குச் சுமார் 46 லட்சம்தான். எந்த எண்ணில் பெயர் வருகிறதோ அதுவே விலை. அந்த எண்ணுக்காகக் காத்திருப்பவரைத்தான் "இன்னும் கொஞ்சம் காத்திரு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

காத்திருப்பதையே காட்சியாக்கியது லீக்தான். 2005இல் ஏரன் ராட்ஜர்ஸ் 24ஆவது இடம் வரும்வரை நியூயார்க் அரங்கில் உட்கார்ந்திருந்தபோது கேமரா அவர் முகத்தை விட்டு விலகவே இல்லை. பிறகு அவர் வென்றுவிட்டார், ஆகவே அது இனிய கதையாகிவிட்டது. 199ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட டாம் பிரேடியையும் இப்படித்தான் உதாரணம் காட்டி, ஷெடூருக்கு இது நல்லதுதான், வெறி ஏறும் என்கிறார்கள். வென்றவர்களின் பெயரை மட்டும் சொல்லி வலியை நியாயப்படுத்தாதீர்கள். ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டுப் பெயர் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம்.

ஃபால்கன்ஸ் அணி என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1989இல் ஐந்தாவது ஆளாக டியானை எடுத்த அணி அது. அந்த அணியின் பயிற்சியாளர் வீட்டிலிருந்து டியானின் மகனுடைய எண் வெளியேறியிருக்கிறது.

அபராதப் பணத்தில் ஒரு டாலரும் ஷெடூருக்குச் சேரப்போவதில்லை. கோடிகளில் புரளும் அணிக்கு 2,50,000 டாலர் ஒரு பொருட்டே அல்ல. 32 அணிகளிலும் எத்தனை பேருடைய திரையில் வீரர்களின் எண்கள் கொண்ட அந்தப் பட்டியல் திறந்து கிடக்கிறது என்பதற்கு லீக் பதில் சொல்லட்டும். அடுத்த ஆண்டு யார் யாருக்கு அந்த எண்கள் போகும், எங்கே சேமிக்கப்படும், கசிந்தால் அணி எந்தச் சுற்றின் தேர்வை இழக்கும் என்று எழுத்தில் அறிவிக்கட்டும். பணம் வேண்டாம், ஒரு தேர்வைப் பறித்துக் காட்டட்டும். அதுவரை இது முடிந்துவிட்டது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.