ப்ளூஸ் என்பது வேகம் குறைத்த லிண்டி ஹாப் அல்ல

ப்ளூஸ் இசைக்கு இருவர் இணையாக ஆடும் ஆட்டத்தைப் பற்றி, "லிண்டி ஹாப்பை மெதுவாக ஆடினால் ப்ளூஸ்" என்கிறது ஒரு கட்டுரை. (லிண்டி ஹாப் என்பது ஸ்விங் ஜாஸ் இசைக்கு ஆடும் வேகமான இணை நடனம்.) அது சரியல்ல. 1990களின் இறுதியில் லிண்டி ஆட்டக்காரர்கள் பின்னிரவில் மெதுவான பாட்டுகளுக்கு ஆடியதிலிருந்துதான் ப்ளூஸ் ஆட்டத்தின் இன்றைய மறுமலர்ச்சி கிளம்பியது. இந்தக் குழப்பமும் அங்கிருந்தே. ஆனால் இந்த ஆட்டத்தின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது, வெகு முந்தையது. 1911இலேயே கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் தன் ஓபராவை (இசை நாடகத்தை), காலை இழுத்து மெதுவாக ஆடும் 'ஸ்லோ டிராக்' ஆட்டத்தோடுதான் முடித்தார்.

வித்தியாசம் முழங்காலில் தெரியும். முழங்கால் தளர்ந்து, இடுப்பு சற்றுப் பின்தங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் உடல் கீழே அமிழ வேண்டும். மேலே துள்ளினால் கனம் போய்விடும். ஸ்லோ டிராக்கில் ஒரு காலை வைத்து எடையை முழுக்க மாற்றிய பிறகே மறுகாலைத் தரையோடு இழுக்கணும். எடை பாதியில் நின்றால் எந்தக் கால் காலி என்று இணைக்குப் புரியாது, அடுத்த அடியில் கால் மிதிபடும். (நெஞ்சோடு ஒட்டித்தான் ஆடணும் என்பதும் கட்டாயமில்லை.)

இன்னொன்று, ப்ளூஸ் பாட்டின் வழக்கமான வடிவமான 12 பார் ப்ளூஸில் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) நான்கு நான்கு பாராக மூன்று வரிகள். பெரும்பாலும் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு பாரில் குரல், அடுத்த இரண்டில் கிதாரோ ஹார்மோனிகாவோ பதில் சொல்லும். புதியவர்கள் 48 தட்டையும் அசைவால் நிரப்புகிறார்கள். குரலுக்கு ஆடிவிட்டு, பதிலுக்கு உடல் அமிழும் அந்தத் துடிப்பை மட்டும் வைத்து நின்றாலே ஆட்டம் மாறிவிடும்.