‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்

நம் வீடுகளில் நோயைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, யாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்று கல்யாணப் பந்தியிலேயே அலசுவோம். ஆனால் ‘செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், ‘வாயில் நல்ல வார்த்தையே வராதா?’ என்று அடக்கிவிடுவோம்.

என் சித்தப்பா கொரோனா இரண்டாம் அலையில் வாங்கிய ஆக்சிமீட்டரை, அதாவது விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவியை, இன்னமும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) 98 காட்டினால் நிம்மதி. 96 காட்டினால் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார். 95க்கு மேல் இயல்புதான் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்து ‘இதயம் நன்றாக இருக்கிறது’ என்று டாக்டர் சொன்ன நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பையே நோய்க்குச் சாட்சியாக மனம் எடுத்துக்கொள்கிறது. ‘ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு மறுபடி கேட்கத் தோன்றும். இப்படி உறுதி கேட்டுக் கேட்டே பதற்றம் வேர்விடுகிறது என்று பிரிட்டன் உளவியலாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். அதனால்தான் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்ற பொத்தாம்பொதுவான அறிவுரை எனக்குப் பிடிப்பதில்லை. ‘இது மாரடைப்பாக இருக்குமோ?’ என்று பத்தாவது தடவை கேட்பதும் பேச்சுதானே!

சித்தி ஒருநாள் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. ‘அப்படி எதை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டார். வெகுநேரம் கழித்துத்தான் சித்தப்பா வாய் திறந்தார். கூட வேலை பார்த்தவர் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்சிலேயே இறந்தது, தானும் போய்விட்டால் சின்னவள் படிப்பு என்னாகும் என்பது, எல்லாம் வந்தது. இதற்கெல்லாம் ஆக்சிமீட்டர் என்ன எண்ணைக் காட்டும்? சித்தி எல்.ஐ.சி. பாலிசியையும் பாஸ்புக்கையும் எடுத்துவந்தார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். பயம் ஓடிப்போய்விடவில்லை, விரலைத் துடைப்பது குறைந்திருக்கிறது.

புதிதாக நெஞ்சுவலி வந்தால் பேச்செல்லாம் அப்புறம், முதலில் டாக்டர்தான். பரிசோதனையில் கோளாறில்லை என்றான பிறகும் தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பதற்றத்துக்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது, நல்ல பலனும் தருகிறது. போனில் தொடங்க நினைப்பவர்களுக்கு 2022 முதல் இயங்கும் ‘டெலி மானஸ்’ அரசு சேவை இருக்கிறது. எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சித்தப்பாவிடம் இந்த எண்ணைக் கொடுத்தேன். ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்றார். அதற்குத் தனிப் பதிவுதான் எழுதவேண்டும்.