உள்ளே இருப்பதை மட்டும் திட்டாதீர்கள்

புதுச்சேரி செரினிட்டி பீச்சில் அலையில் இரண்டாக உடைந்த அந்த சர்ஃபிங் போர்டு வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தது நம்ம ஊர்த் தம்பி ஒருவன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைப் பகிர்ந்த பயிற்சியாளர் ஒருவர், "டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோலில் போர்டு செய்தால் இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உள்ளே தெர்மாகோல்தான். யார் மறைத்தார்கள்? ஃபைபர் துணியை எபாக்ஸி என்ற ரெசினால், அதாவது பிசினால், ஒட்டிச் செய்து உலகம் முழுக்க விற்கும் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது அதே சரக்குதான். பேக்கிங்குக்கு வருவது கன மீட்டருக்கு 15, 16 கிலோ இருக்கும். போர்டுக்கு அதைவிட அடர்த்தியாக, 32 கிலோ வரைக்கும் எடுப்பார்கள். அந்தத் தம்பி வாங்கியது குளிர்பதனக் கிடங்குச் சுவருக்குள் வைக்கிற அடர்த்தி ரகம். வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

இப்போது வீடியோவை நிறுத்தி, உடைந்த இடத்தைப் பாருங்கள். மேல்பக்க ஃபைபர், அதாவது ரெசினில் இறுகிய கண்ணாடி இழைத் துணி, ஒரு முழத்துக்கு உரிந்து தொங்குகிறது. அதன் உள்பக்கத்தில் ஒரு வெள்ளை மணிகூட ஒட்டவில்லை. பிடிப்பு சரியாக இருந்திருந்தால் கிழியும்போது தெர்மாகோலையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். அதற்கு அடியில் தெர்மாகோல் மணிகள் சுருங்கிப் பள்ளமாகிக் கிடக்கின்றன. அது அலை செய்த வேலை இல்லை, சூடு செய்த வேலை. அலை அடிப்பதற்கு முன்பே ஃபைபர் விட்டுப்போயிருக்கிறது.

அந்த போர்டுக்குக் கறுப்பு நிறம் வேண்டும் என்று கேட்டது யார்? தூக்க லேசாக இருக்க வேண்டும், 4 அவுன்ஸ் துணி ஒரு சுற்று போதும் என்று சொன்னது யார்? தம்பி வேண்டாம் என்றான். தெர்மாகோலுக்கு மேல் வெள்ளைதான் நல்லது, மேல்பக்கம் இரண்டு சுற்றாவது போடலாம், உள்காற்று வெளியேற ஒரு திருகு வைக்கலாம் என்றான். கேட்டார்களா? நம்ம ஊர் மே மாத மதியத்தில் கறுப்பு போர்டை வண்டிக் கூரையில் கட்டி வைத்துவிட்டு, தெர்மாகோல் மோசம் என்கிறார்கள்.

திரும்பவும் சொல்கிறேன். உள்ளே என்ன என்பதைத் தனியாகப் பேசாதீர்கள், மேலே என்ன என்பதோடு சேர்த்துப் பேசுங்கள். அலை நடுவில் அடித்து வளைக்கும்போது ஒரு பக்கத்து ஃபைபர் அமுங்குகிறது, மறுபக்கத்து ஃபைபர் இழுபடுகிறது. பலத்தைப் பெரும்பாலும் தாங்குவது அந்த இரண்டும்தான். அவற்றை ஒரே இடைவெளியில் பிடித்து வைப்பதுதான் உள்சரக்கின் வேலை. பிடிப்பு விட்டால் எந்த உள்சரக்கும் காப்பாற்றாது.

எனக்கு இது யூடியூபில் பார்த்து வந்தது இல்லை. சுனாமிக்குப் பிறகு கடலூர் முதுநகர்ப் பக்கம் ஃபைபர் போட் கட்டுகிற யார்டுகள் மும்முரமாக இருந்த காலத்தில், என் மாமாவோடு வேலைக்குப் போனேன். மக்கில் மீந்த பாலியஸ்டர் ரெசினில் ஒரு துண்டு தெர்மாகோலைப் போட்டால், ஓரம் உருகி, குழைந்து, கண்ணெதிரே கரைந்துவிடும். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். அதனால் தெர்மாகோல் என்றால் எபாக்ஸி என்பது அங்கே பொடியனுக்கும் தெரியும். கலிபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் என்ற போர்டு வடிவமைப்பாளர் 1940களின் கடைசியிலேயே இதே வகை நுரையை நடுவில் வைத்து, மேலும் கீழும் பிளைவுட், ஓரத்துக்கு பால்சா என்ற லேசான மரம் என்று போர்டு கட்டியிருக்கிறார். உள்ளே மாற்றினால் மேலேயும் மாற்ற வேண்டும் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"பியூ நுரையும் (பாலியூரித்தேன்) பாலியஸ்டரும்தானே காலங்காலமாக நிற்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் பியூ போர்டில்தான் அதிகம் ஏறுகிறேன். தண்ணீரில் அது கொடுக்கும் உணர்வு எனக்குப் பிடிக்கும், பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் அந்த பிளாங்க், அதாவது போர்டு செதுக்குகிற நுரைக் கட்டை, வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வர வேண்டும். எடையே இல்லாத சரக்கு, இடத்துக்குத்தான் வாடகை. ஒரே இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2005 டிசம்பர் 5 அன்று கிளார்க் ஃபோம் என்ற அமெரிக்க பியூ பிளாங்க் கம்பெனி ஒரே நாளில் மூடியது. அமெரிக்காவில் பெரும்பாலான போர்டுகளுக்கு பிளாங்க் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அந்த நுரை செய்ய வேண்டிய டிடிஐ என்ற நச்சு ரசாயனம் பற்றிய கெடுபிடியும் அதற்கு ஒரு காரணம். அதற்கப்புறம் நிறையப் பேர் தெர்மாகோல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் செய்தால் ஆராய்ச்சி, நம்ம பையன் செய்தால் டிவி பெட்டியா?

"ஃபைபர் ஒட்டியதே சரியில்லை" என்று ஒருவர். அதே கையால் ஒட்டிய வெள்ளை போர்டு தந்திராயன்குப்பத்தில் இன்றும் அலையேறுகிறது. போய்ப் பாருங்கள்.

"தெர்மாகோல் தண்ணீர் குடிக்கும்" என்று இன்னொருவர். ஓட்டை விழுந்தால் மணிகளின் இடுக்கில் ஏறத்தான் செய்யும். உடனே கரையேறி, காயவைத்து, அடைக்க வேண்டும். என் தாத்தா தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் வைத்திருந்தவர். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் கிடத்திக் காயவைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். நீர் குடித்த மரத்தில் கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்று அந்த வீடுகளில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தத் தம்பியும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

"உன் ஊர்ப் பையன் என்பதால் பேசுகிறாய்." ஆமாம், பேசுவேன். இறக்குமதி போர்டு இரண்டாக உடைந்து நான் பழுது பார்த்தவை எத்தனையோ. ஒன்றுக்காவது வீடியோ போட்டீர்களா? அப்போதெல்லாம் "அலை பெரிசு" என்றீர்கள். சொந்தக் காசில் எபாக்ஸி வாங்கி, கூரைக் கொட்டகையில் இராப்பகலாகத் தேய்த்து, சரிபாதி விலைக்குக் கொடுத்தவனுக்கு மட்டும் ஏன் இந்தச் சிரிப்பு? இரண்டு நாளாக அவன் போனை எடுக்கவில்லை. அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, ஏதாவது பெரிய தப்பு பண்ணிட்டானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த இரண்டு துண்டுகளும் உங்களிடம்தானே இருக்கின்றன? என் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். எல்லோர் முன்னாலும் குறுக்கே அறுத்து, ஒரு துண்டு தெர்மாகோலை எடை போடுவோம், துணி எத்தனை சுற்று என்று எண்ணுவோம். அதையும் வீடியோ எடுங்கள். அதுவரை இந்தப் பதிவுக்குக் கீழே தம்பியைக் கேலி செய்து யார் எழுதினாலும் நீக்கிவிடுவேன்.