மிக் ஃபோலி என்றால் அந்த 16 அடி மட்டும்தானா?

"ரெஸ்லிங் எல்லாம் சும்மா நடிப்புதானே?" என்று யார் கேட்டாலும் எனக்கு அமெரிக்க ரெஸ்லர் மிக் ஃபோலி ஞாபகம்தான் வரும்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். 'ஹெல் இன் எ செல்' கூண்டுச் சண்டை. மேன்கைண்ட் என்ற பெயரில் தோல் முகமூடியோடு ஃபோலி, எதிரில் அண்டர்டேக்கர். கூண்டின் உச்சியிலிருந்து சுமார் 16 அடி கீழே, வர்ணனையாளர் மேஜைமேல் விழுந்தார். அது பேசி வைத்துச் செய்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். பாதி வழியில் எழுந்து வந்து மறுபடி கூண்டின்மேல் ஏறினார். அங்கே அண்டர்டேக்கர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடித்தபோது கூரை வலை பிய்ந்துவிட்டது. இதை யாரும் திட்டமிடவில்லை. நேராக ரிங்குக்குள் விழுந்தார், கூடவே ஓர் இரும்பு நாற்காலியும் அவர் முகத்தில் வந்து விழுந்தது. பல் உடைந்து, நினைவு தப்பியது. ஆள் செத்தே போய்விட்டார் என்று அண்டர்டேக்கர் ஒரு கணம் நினைத்தாராம். அதன் பிறகும் எழுந்து, போர்டு பின்களைக் கொட்டி அதன்மேலும் விழுந்துதான் ஆட்டத்தை முடித்தார்.

யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது. சரி. அதனால் அந்த உடம்புக்கு வலி குறைந்துவிடவில்லை.

காலேஜ் படிக்கும்போது, ரெஸ்லர் ஜிம்மி ஸ்னூகா கூண்டின் மேலிருந்து பாய்வதைப் பார்க்க லிஃப்ட் கேட்டுக் கேட்டு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குப் போனவர் ஃபோலி. முன்னாள் ரெஸ்லர் டொமினிக் டெனூச்சியிடம் பயிற்சிக்குப் போனால் இரவில் தூக்கம் காரில்தான். 1994-ல் மியூனிக்கில் வேடர் என்ற ரெஸ்லரோடு மோதியபோது ரிங் கயிறுகளில் தலை சிக்கி வலது காதின் பெரும்பகுதியை இழந்தார்.

ஆனால் நம் ஆட்கள் அவரை இந்தக் காயங்களுக்காக மட்டும் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. 1999 ஜனவரி 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் 'தி ராக்' என்ற ரெஸ்லரைத் தோற்கடித்து சாம்பியன் ஆகும் ஆட்டம் ஒளிபரப்பானது. அது முன்பே பதிவான ஆட்டம் என்பதால் ஃபோலியின் நிறுவனத்துக்கு (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) எதிராக அதே நேரத்தில் வேறு சேனலில் நிகழ்ச்சி நடத்திய டபிள்யூசிடபிள்யூ முடிவை முன்கூட்டியே கிண்டலாகச் சொல்லிவிட்டது. நடந்தது என்ன? லட்சக்கணக்கானவர்கள் உடனே ஃபோலி ஆட்டம் வரும் சேனலுக்கு மாறினார்கள். அவர் எங்கிருந்தோ விழுவதைப் பார்க்க அல்ல. சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு வரும் அந்தத் தொப்பைக்காரர் ஜெயிப்பதைப் பார்க்க! அதே வருடம் அவர் கைப்பட எழுதிய சுயசரிதை நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த அளவுக்குப் பேச்சும் எழுத்தும் மனசும் உள்ள மனிதர்.

சாம்பியன் ஆன அன்று பெல்ட்டைத் தூக்கிப்பிடித்து, வெற்றியை வீட்டிலிருக்கும் தன் இரண்டு குழந்தைகளுக்குச் சமர்ப்பித்தார். மூன்றே வாரத்தில் 'ராயல் ரம்பிள்' என்ற பெரிய ரெஸ்லிங் நிகழ்ச்சி. அதே குழந்தைகள் அம்மாவோடு முன்வரிசையில். அப்பாவின் கைகளைப் பின்னால் விலங்கிட்டு, ராக் நாற்காலியால் அவர் தலையில் பத்துக்கும் மேற்பட்ட தடவை அடித்தார். குழந்தைகள் கதறியது ஓர் ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. பின்னால் அதைப் போட்டுக் காட்டியபோது ஃபோலியே ஆடிப்போனார். நானும் அந்தக் காட்சியை ஒரு முறைதான் பார்த்தேன், இரண்டாவது முறை என்னால் முடியவில்லை.

தலையில் நாற்காலியால் அடிப்பதை டபிள்யூடபிள்யூஇ 2010-ல்தான் தடை செய்தது. அந்தக் குழந்தைகள் அழுத ராத்திரிக்கு மறுநாளே செய்திருக்க வேண்டும்.