பாபி ஹர்லியும் ‘நிறைவேறாத வாழ்க்கை’ என்ற பேச்சும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பாபி ஹர்லியின் பெயர் எழுந்தாலே பேச்சு 1993 டிசம்பர் 12ஆம் தேதி இரவுக்குப் போய்விடுகிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காக 19 ஆட்டங்களே ஆடியிருந்த அவருடைய வண்டியின் மீது, விளக்கெரியாமல் வந்த இன்னொரு கார் மோதியது. சீட் பெல்ட் அணியாதிருந்த அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். மூச்சுக்குழல் ஒரு நுரையீரலிலிருந்து அறுந்துபோயிருந்தது. பிழைத்ததே பெரிது. ஆனால் அந்த ஓர் இரவை வைத்துக்கொண்டு, அவருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதையும் நிறைவேறாத ஒன்றாக எழுதிவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெர்சி சிட்டியின் செயின்ட் அந்தோணி பள்ளியில், தந்தை பாப் ஹர்லியிடமே ஆட்டம் கற்றவர் அவர். அந்தத் தந்தை பள்ளி அணிகளுக்குப் பயிற்சியளித்தே கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர். ஆறடி உயரமும் ஒல்லியான உடம்பும் கொண்ட மகன் 1989இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, முதலாண்டிலேயே, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்ட் பொறுப்பை ஏற்றார். அந்தப் பருவத்தின் முடிவில், 1990இல் டென்வரில் நடந்த தேசியக் கல்லூரிப் பட்டத்துக்கான இறுதியாட்டத்தில், வயிற்றுக் கோளாறோடு ஆடிய அவர் நெவாடா லாஸ் வேகஸ் அணியிடம் 103–73 என்று தோற்ற வேதனையைச் சுமந்து திரும்பினார். களத்தில் எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பவர் என்ற பெயரும் இருந்தது. அந்தச் சுளிப்புகளை மட்டும் தொகுத்துப் பயிற்சியாளர் குழு அவருக்கே போட்டுக்காட்டியது. தோல்வியைவிட அதுதான் அவரை மாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

மறு ஆண்டு அரையிறுதியில் அதே லாஸ் வேகஸ் அணி, அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாமல் எதிரே நின்றது. ஏறத்தாழ இரண்டு நிமிடங்களே மிஞ்சியிருக்க டியூக் ஐந்து புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, ஹர்லி தயங்காமல் எறிந்த மூன்று புள்ளி எறிதல் கூடைக்குள் விழுந்தது. ஆட்டம் 79–77 என்று டியூக் பக்கம் சாய்ந்தது. பின்னர் கேன்சஸை வென்று அப்பல்கலைக்கழகம் தன் முதல் பட்டத்தைப் பெற்றது. 1992இல் மீண்டும் பட்டம். லெய்ட்னர், கிராண்ட் ஹில் போன்ற டியூக் நட்சத்திரங்கள் பக்கத்தில் இருந்தால் யாரும் பந்தைக் கொடுத்துப் பெயர் வாங்கலாம் என்பாருக்கு அவ்வாண்டின் அரையிறுதியே பதில்: லெய்ட்னர் சோபிக்காத அந்த ஆட்டத்தில் இந்தியானாவுக்கு எதிராக ஆறு மூன்று புள்ளி எறிதல்களோடு 26 புள்ளிகள் எடுத்தவர் ஹர்லிதான். இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் அவரே தேர்வானார்.

நான்காண்டுகளில் 1,076 அசிஸ்டுகள், அதாவது சக ஆட்டக்காரர் கூடையில் போட வழிசெய்த பந்துக் கைமாற்றங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் முறியடிக்காத எண்ணாக இருந்தது அது. இன்றைய சிறந்த இளைஞர்கள் ஓராண்டிலேயே என்பிஏவுக்குப் போய்விடுவதால் அந்த எண் தப்பித்தது என்பதும் ஓரளவு சரிதான். இருந்தாலும் நான்காண்டும் அணியை நடத்தியதற்கான கூலி அது, தற்செயலாகக் கிடைத்ததன்று.

விபத்து நேராதிருந்தால் என்பிஏவில் பெரிய நட்சத்திரமாகியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். 1992 கோடையில், என்பிஏ நட்சத்திரங்கள் அடங்கிய அமெரிக்க ஒலிம்பிக் ‘கனவு அணி’யைப் பயிற்சியாட்டமொன்றில் வீழ்த்திய கல்லூரி மாணவர் அணியில் அவர் இருந்தார் என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஒரு நாள் பயிற்சியை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது. என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1993 டிராஃப்டில் ஏழாவதாக எடுக்கப்பட்டபோதே அவருடைய உயரத்தையும் உடல்வாகையும் பற்றிய கேள்விகள் இருந்தன. அடுத்த பருவத்திலேயே களத்துக்குத் திரும்பி 1998 வரை ஆடியதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மேலும், என்பிஏவை உச்சியாகவும் கல்லூரி ஆட்டத்தை அதன் படிக்கட்டாகவும் பார்க்கும் கண்ணுக்கு மட்டுமே இந்த வாழ்க்கை பாதியில் நின்றதாகத் தோன்றும்.

பின்னாளில் பயிற்சியாளராகி, 2015இல் பஃபலோ பல்கலைக்கழகத்தை வரலாற்றில் முதன்முறையாக, தேசியக் கல்லூரிப் பட்டத்துக்கான என்சிஏஏ தொடருக்குக் கொண்டுசென்றார். தம்பி டேன் ஹர்லி 2023இலும் 2024இலும் கனெக்டிகட் அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்த பிறகு, அண்ணனை அதனோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுவது கூடிவிட்டது. அண்ணன் தம் இரண்டு பட்டங்களையும் இருபத்தோரு வயது நிறைவதற்குள் களத்தில் நின்றே வென்றிருந்தார்.