வேஷம் கட்டுன ஆளும் தெரியணும்

நம்ம ஊர்ப் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரிகளில் டி.எம்.எஸ். குரலில், சீர்காழி குரலில், எஸ்.பி.பி. குரலில் பாடுகிறவர்களைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளாக நினைப்பு. இப்போ ஒரு வாட்ஸ்அப் குழுவில், "அது வெறும் காப்பிதான, சொந்தமாப் பாட வராதவன் செய்யுத வேலை" என்று ஒரு நண்பர் போட்டிருந்தார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒத்த குரல் அமைந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொண்டை அப்படியே டி.எம்.எஸ். மாதிரி வாய்த்த ஆட்களை எங்கள் பக்கம் நிறையவே கேட்டிருக்கிறேன். முதல் வரிக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இரண்டாவது சரணம் வருவதற்குள் டீக்கடைப் பக்கம் ஆள் நகர ஆரம்பித்துவிடும். குரலின் நிறம் வந்திருக்கும், பாடுகிற முறை வந்திருக்காது. டி.எம்.எஸ்.ஸை டி.எம்.எஸ். ஆக்குவது வல்லினம். ட, ற, க வருகிற இடத்தில் சொல்லை ஊன்றிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். சீர்காழி உச்சியில் நிற்கும்போதும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். அந்த உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கத்தினால் சீர்காழி வந்துவிட மாட்டார். எஸ்.பி.பி. மறைந்த 2020க்குப் பிறகு எந்த மேடையிலும் அவர் குரலில் பாடச் சொல்லிக் கேட்கிற ஆட்கள் அதிகம். பாடுகிறவர்களும் நடுநடுவே ஒரு சிரிப்பைச் சொருகிவிடுகிறார்கள். எஸ்.பி.பி.யின் சிரிப்பு அந்த வரியின் அர்த்தத்திலிருந்து வரும். எந்தச் சொல்லுக்குச் சிரித்தார் என்று தெரியாமல் சிரிப்பை மட்டும் எடுத்துப் போட்டால் ஒட்டாது.

கட்டை, அதாவது சுருதி விஷயம் இன்னும் முக்கியம். கஷ்டமாக இருக்கிறது என்று கீபோர்டுக்காரரிடம் சொல்லி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிக்கொள்கிறார்கள். அந்த நிமிஷமே ஆள் மாறிவிடுகிறார். மேலே ஏறும்போது டி.எம்.எஸ். போடுகிற உழைப்பு நம் காதுக்குக் கேட்கும், அதுவும் அவர் குரலின் ஒரு பகுதிதான். இறக்கிப் பாடினால் அந்த உழைப்புக்கே வேலையில்லாமல் போய்விடும். சவுண்டு சர்வீஸ்காரர்களும் இதில் கொஞ்சம் மனசு வைக்கணும். எக்கோவை ஏற்றி வைத்தால் வல்லினமெல்லாம் கரைந்துவிடும். போதாக்குறைக்கு இப்போது நெஞ்சை அதிர வைக்கிற பாக்ஸ்கள். எங்கள் தலைமுறை டி.எம்.எஸ்.ஸைக் கேட்டது புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். அதில் அடிச்சத்தம் (பேஸ்) கிடையாது, சொல் மட்டும் கூர்மையாக வரும். அந்த டி.எம்.எஸ்.தான் எங்கள் ஞாபகத்தில் இருக்கிறவர். பாக்ஸில் அடிச்சத்தத்தை ஏற்றிவிட்டு "குரல் ஒக்கலியே" என்று பாடகரைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெரிய பாடகர்களிலேயே பாவனை செய்வதற்கு ரொம்பக் கடினமானவர் ஏ.எம்.ராஜா என்பேன். அவரிடம் பெரிதுபடுத்திக் காட்ட எதுவுமே இருக்காது. குரலை நடுக்க மாட்டார், இழுக்க மாட்டார், ஒரு சொல்லைக்கூட உந்த மாட்டார். அந்த அடக்கத்தைப் பிடிக்கிறவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடணும். 1989 ஏப்ரலில், கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் கச்சேரி ஒன்றுக்குப் போகிற வழியில், நம்ம வள்ளியூர் ஸ்டேஷனில்தான் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். வள்ளியூர்ப் பக்கம் நடக்கிற கச்சேரிகளிலாவது அவர் பாட்டு ஒன்று கட்டாயம் வரணும் என்பது என் ஆசை.

இதெல்லாம் நம்ப வைப்பதற்கு. ரசிக்க வைப்பதற்கு வேறொன்று வேண்டும்.

டி.எம்.எஸ். - சுசீலா டூயட்டை ஒரே ஆள் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் வரிக்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். சுசீலா வரி வந்ததும் தோளை லேசாக ஒடுக்கி, மைக்கை அடுத்த கைக்கு மாற்றி, அந்தக் குரலுக்குள் போய்விடுவார். கூட்டம் துள்ளுவது எந்த இடத்தில் என்று கவனித்துப் பாருங்கள். டி.எம்.எஸ். நன்றாக வருகிற இடத்திலோ சுசீலா நன்றாக வருகிற இடத்திலோ அவ்வளவு சத்தம் இருக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற அந்த நொடியில்தான் விசில் பறக்கும். "ஏ மக்கா, இந்த ஆளுதான் ரெண்டும் பாடுதாரு, பாத்தியா!" என்று பக்கத்தில் இருக்கிறவனை இடித்துச் சொல்வார்கள். அந்த நொடியில் மேடையில் நிற்கிற மனுஷனின் சொந்த முகம் தெரிகிறது. அவரையும் பார்க்கிறோம், அவர் கொண்டுவந்து நிறுத்துகிற பாடகரையும் கேட்கிறோம். சந்தோஷம் இரண்டு பேரும் ஒன்றாக இருப்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். ஒரு கொடையில் கமிட்டி அண்ணாச்சி ஒருத்தர் பாதிக் கச்சேரியில் நன்கொடைச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பாடகர் அதைச் சும்மா வாசிக்கவில்லை. சீர்காழி குரலில் விருத்தமாக எடுத்தார். ஊர்ப் பெயரை நிதானமாக விரித்து, ஆள் பெயரில் ஒரு சுற்றுச் சுற்றி, "ரூபாய் ஐநூற்றியொன்று" என்பதை மேலே கொண்டுபோய் நிறுத்தினார். சீர்காழி பாடாத ஒன்றைச் சீர்காழி பாடியிருந்தால் எப்படிப் பாடியிருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரெக்கார்டைக் கேட்டு உருப்போட்டவருக்கு இது வராது. அந்தப் பெரியவரோடு மனசுக்குள் வருஷக்கணக்காக வாழ்ந்தவருக்குத்தான் வரும். ஒருத்தரை எடைபோட எனக்கு ஒரே ஒரு சோதனை போதும் என்றால் இதைத்தான் வைப்பேன்.

நம்ம சீமைக்கு இந்தக் கண் புதிதில்லை. கொடைகளில் நடக்கிற கணியான் கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர்கள் ஆண்கள் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டு, விரதமிருந்து, காளி வேஷம் கட்டி வருகிறவர் அடுத்த தெரு அண்ணன்தான் என்பதும் தெரியும். தெரிந்துதான் கும்பிடுகிறோம், தட்டில் காணிக்கை போடுகிறோம். யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது அந்த வேஷத்தின் நோக்கமும் இல்லை. அண்ணனும் காளியும் ஒரே உடம்பில் நம் முன்னால் நிற்கிறார்கள்.

காப்பி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பழைய கதையைப் பார்க்கணும். நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்துபோனார். அந்த உச்சக் குரலின் பாணியைச் சின்ன வயதிலேயே பிடித்து மேலே வந்தவர் டி.ஆர்.மகாலிங்கம். சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். டி.எம்.எஸ். முதன்முதலாகச் சினிமாவில் பாடியது 1950இல், கிருஷ்ண விஜயத்தில். அப்போது அவர் குரலில் தியாகராஜ பாகவதர்தான் தெரிவார். நான்கே வருஷத்தில் தூக்கு தூக்கியும் மலைக்கள்ளனும் வந்தன, ஒன்றில் சிவாஜிக்கு, ஒன்றில் எம்.ஜி.ஆருக்கு. கண்ணை மூடிக் கேட்டாலே எது யாருக்கு என்று தெரியும் அளவுக்குப் பிறகு பாடிக் காட்டினார். இன்னொருத்தர் குரலுக்குள் போய் வரத் தெரிந்ததால்தான் அவரால் அது முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாவனை கேலியாகப் போய்விடுகிற இடமும் உண்டு. தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபுவைப் பாடுகிறேன் என்று தள்ளாடி விழுந்து எழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர் குரலை உடைத்து உருட்டுகிற அந்த யோடலிங்குக்கு எவ்வளவு சுருதிச் சுத்தம் வேண்டும்! அதைப் பிடிக்க முடியாதவர்கள்தான் கீழே விழுந்து சிரிப்பு வாங்குகிறார்கள்.

மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை 2024இல் லால் சலாம் படத்துக்காகச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய தொகையும் கொடுத்துச் செய்ததாகச் சொன்னார். அது சரியான முறைதான். ஆனால் "இனி மேடையில் குரல் மாற்றிப் பாடுகிறவனுக்கு என்ன வேலை" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கருவி கொடுப்பது ஒரு குரலை மட்டும். இருமிவிட்டு, சோடா குடித்துவிட்டு, கூட்டத்தில் யாரோ கேட்டதற்காக அந்தக் குரலுக்குள் ஒரு மனுஷன் போவதை அது காட்டாது.

அந்த மனுஷனுக்கு நாம் என்ன செய்கிறோம்? நோட்டீஸிலும் பிளக்ஸிலும் "டி.எம்.எஸ். குரலில் பாடும் பாடகர்" என்று டி.எம்.எஸ். படத்தோடு போடுகிறோம். பாடுகிறவர் பெயர் பாதி நேரம் இருப்பதில்லை. இருந்தாலும் அடியில், பந்தல்காரர் பெயருக்குக் கீழே. இந்தக் கொடைக்கு ஊர்க் கமிட்டிகள் ஒன்றாவது செய்யுங்கள். அவர் பெயரை அவர் படத்தோடு பெரிதாகப் போடுங்கள். பேசின சம்பளத்தை மேடை ஏறும் முன்னாலேயே கையில் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மைக்கை அணைத்தாகணும் என்பது எல்லாருக்கும் தெரியும். வரவேற்பு, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடித்து ஒன்பதே முக்காலுக்கு அவரை ஏற்றாமல், குரல் தெளிவாக இருக்கும்போதே எட்டு மணிக்கு ஏற்றுங்கள், அண்ணாச்சிமாரே.