கெடுன்னு சொன்னா என்னவே?

பாளையங்கோட்டையில தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு பிழை திருத்தணும்னு போனா, "டெட்லைன் முடிஞ்சிட்டு அண்ணாச்சி"ங்கான் கடைத் தம்பி. வயிறு எரிஞ்சு போச்சு.

அது எங்கேருந்து வந்த வார்த்தை தெரியுமா? 1864, அமெரிக்க உள்நாட்டுப் போர், ஜார்ஜியாவுல ஆண்டர்சன்வில் கைதி முகாம். மதிலுக்கு உள்ள தள்ளி, தாழ்வா ஒரு கட்டை வேலி. தாண்டுனவனை, ஏன், தொட்டவனைக்கூடக் காவல்காரன் சுட்டுருவான். அதுக்குப் பேருதான் டெட்லைன். ஏறக்குறைய 13,000 பேர் செத்த முகாம் அது, பெரும்பாலும் நோயிலயும் பசியிலயும். நேரக்கணக்கா மாறுனதெல்லாம் 20-ஆம் நூற்றாண்டுல, செய்தித்தாள் ஆபீஸ்ல.

எங்க ஆச்சி வாயில 'கெடு'ன்னு ஒரு சொல் இருந்துச்சுல்லா? கெடுவைக் கெஞ்சிக் கேட்டு ரெண்டு நாள் தள்ளிப் போடலாம். தங்கச்சி பேருக்கு ஒரு துணைக்கால் போடணும்னு கேட்டதுக்குப் போயி, தாண்டுனா சுடுற எல்லைக்கோட்டைச் சொல்லுதானே!